பிரேக்கில் ஊற்றிய எண்ணெய்

தாப்பா பஸ் நிலையத்தில் என் மைத்துனனை எல்லோரும் ‘பிரேக்கு’ என்றுதான் கூப்பிட்டார்கள். பஸ் கழுவுகிற ஒருவனுக்கு அப்படி ஒரு பட்டப்பெயர் எப்படி வந்தது என்று அங்கே டிக்கெட் கிழிப்பவர்களுக்குக்கூடத் தெரியும். ஆனால் அவர்கள் தெரிந்து வைத்திருந்தது பொய். அந்தப் பொய்யைச் சொன்னவன் நான். மன்னிப்புக் கேட்பதற்கான காலமெல்லாம் எப்போதோ போய்விட்டது. நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

எழுபதுகளில் நான் மலேசியாவில், ஈப்போ நகரில் ஓர் ஆங்கிலப் பள்ளியில் அறிவியல் ஆசிரியன். வீடு அதே ஊரில், புந்தோங்கில். பாதி பலகை, பாதி கல். முன்னால் தகரம் போட்ட ஒரு கொட்டகை. நான் பிறந்து வளர்ந்தது கம்பாருக்கு அருகில் ஒரு ரப்பர் தோட்டத்தில். என் அப்பா அங்கே கிராணி. அலுவலகத்தில் உட்கார்ந்து பேர் போடுகிறவர். என் மனைவியின் அப்பா அதே தோட்டத்தில் ரப்பர் பாலுக்கு மரம் வெட்டியவர். நாங்கள் விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டோம். தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து பெண் எடுத்ததைப் பெரிய தாராளமாக நான் நெடுங்காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். வெளியே சொன்னதில்லை. ஆனால் நினைத்தேன்.

என் மனைவியின் தம்பி அந்தத் தோட்டத்து ரப்பர் ஆலையில் ஃபிட்டர். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவன். ரோலர் இயந்திரம் எங்கே தேய்கிறது என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவான். என்னை விட மூன்று வயது சின்னவன். மச்சான் மச்சான் என்று என் மேல் உயிராக இருந்தான்.

கார் வந்தது துரையிடமிருந்து. தோட்டத்தின் கடைசி வெள்ளைக்கார மானேஜர் ஊருக்குத் திரும்பிப் போகும்போது, பல வருஷமாக ஓட்டாமல் போட்டிருந்த காரை விட்டுத் தொலைத்தால் போதும் என்று சொற்ப விலைக்கு எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். பச்சை நிறம், மேலே திறந்த கார், இரண்டே பேர் உட்காரலாம். சின்ன வயதில் அந்தக் கார் செம்மண் சாலையில் வந்தால் நாங்கள் ஓரத்துக் கானில், அந்த வாய்க்காலுக்குள், இறங்கி நிற்போம். கிராணி மகனும் இறங்கித்தான் நிற்க வேண்டும். அந்த ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும் என்பதைத் தவிர அதை வாங்க எனக்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

வாங்கியபோது அது கார் இல்லை. உள்ளே கோழி அடைந்திருந்தது. அடித்தகடு துருப்பிடித்து, கால் வைத்தால் தரை தெரிந்தது. வயர்களை எலி தின்றிருந்தது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலையில் என் மைத்துனன் ஸ்பானர்களைக் கோணிச்சாக்கில் சுருட்டி மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு வந்துவிடுவான். காருடன் ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகமும் வந்திருந்தது. எந்த ஆணியை எப்போது கழற்றுவது என்பதுவரை அதில் இருக்கும். நான் பெஞ்சில் உட்கார்ந்து அதைப் படித்துத் தமிழில் சொல்வேன். அவன் காருக்கு அடியில் படுத்துச் செய்வான். ஒன்றரை வருஷம் இப்படித்தான் போனது.

“என்ன போட்டிருக்கு மச்சான்?”

“இரு... பின்பக்கத்தத் தூக்கி ரெண்டு பக்கமும் முட்டுக்கொடுக்கணும்னு போட்டிருக்கு.”

“அதப் படிக்கவா இவ்ளோ நேரம்? நான் முட்டுக்கொடுத்து, சக்கரத்தயும் கழட்டிட்டேன்லா.”

சமையல்கட்டிலிருந்து என் மனைவி சத்தம் கொடுப்பாள். “ஒருத்தர் படிக்கிறாரு, ஒருத்தன் படுத்துக் கெடக்குறான். வண்டி மட்டும் நவுர மாட்டேங்குது.”

“நவுந்தா மொதல் ரவுண்டு ஒனக்குத்தான்கா!”

“நான் மாட்டேன்பா. தலமுடியெல்லாம் பறந்துரும்.”

அடித்தகட்டை அவன்தான் வெட்டி ஒட்டினான். இஞ்சினை இறக்கி ஏற்றினான். கிடைக்காத சாமான்களைத் தோட்டத்துக் கடைசல் இயந்திரத்தில் கடைந்து கொண்டுவந்தான். நான் செய்தது படித்துச் சொன்னது மட்டும். ஆனால் அவனுக்கு அந்தப் புத்தகத்தின் மேல் பெரிய மரியாதை. எதைப் பற்றி வாக்குவாதம் வந்தாலும், “புத்தகத்துல போட்டிருக்கு” என்று நான் சொன்னால் உடனே விட்டுவிடுவான். இது எனக்கு வசதியாக இருந்தது. பக்கத்தைத் தேடச் சோம்பலாக இருக்கும் நேரங்களில், பார்க்காமலே அப்படிச் சொல்லத் தொடங்கினேன். சின்னச் சின்ன விஷயங்களில்தான். ஒன்றும் கெட்டுப்போகவில்லை. அதனால் பழகிவிட்டது.

அந்த நேரத்தில் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்கப் போகிறார்கள் என்ற பேச்சு உறுதியானது. முதலில் ஆலையை மூடுவார்கள். வேலை போனால் லயத்து வீடும் போகும். அவனுக்கு மனைவி, இரண்டு பிள்ளைகள். தாப்பாவில் ஒரு சீனத் தவுக்கே, முதலாளி, மலைக்குப் போகும் பஸ்களை வைத்திருந்தார். அவருடைய பட்டறையின் தலைமை மெக்கானிக் அந்த வருஷம் வேலையை விடுவதாக இருந்தார். என் மைத்துனன் போய்க் கேட்டிருக்கிறான். சர்ட்டிபிகேட் இருக்கிறதா என்று கேட்டாராம். இல்லை என்றதும், “அப்ப நீ செஞ்ச வேலை எதாச்சும் காட்டு” என்றாராம்.

“நம்ம வண்டியக் காட்டுவோம் மச்சான்” என்றான். “மலையில பஸ் ஓட்டுற ஆளு. அவருக்கு பிரேக்குதான் முக்கியம். முன்சக்கரத்துல இருக்கற பழைய டிரம்ம எடுத்துட்டு டிஸ்க் போட்டுக் காட்டுறேன். அப்பறம் பேசட்டும்.”

அது சாதாரண வேலை இல்லை. அதே கம்பெனியின் வேறொரு கார், விபத்தில் நொறுங்கியது, ஈப்போவில் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடந்தது. அதிலிருந்து டிஸ்க்குகளைக் கழற்றி வந்து, தாங்கிகளைத் தானே வெட்டிச் செய்து மாட்டினான். மூன்று ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. பிரேக்குக்கு உள்ளே போகும் சின்ன ரப்பர்கள் எல்லாவற்றையும் புதிதாக வாங்கிப் போட்டான். கடைசியில் குழாயில் இருக்கும் காற்றை எடுக்க அக்காவை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்தான்.

“மிதிக்கா. புடி. வுடாத... இப்ப வுடு.”

“எத்தன தடவடா? காலு கழண்டுரும் போல.”

“மிதிச்சுப் பாரு இப்ப. எப்டி இருக்கு?”

“கல்ல மிதிக்கிற மாரி இருக்கு.”

அவன் எழுந்து நின்று சிரித்த சிரிப்பு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நெற்றியிலெல்லாம் கரி. தவுக்கே சீனப் புத்தாண்டுப் பெருநாளுக்கு ஈப்போவில் உள்ள தன் சொந்தக்காரர் வீட்டுக்கு வருவார், பத்தாம் நாள் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார் என்றான். “அது வரைக்கும் மெதுவா ஓட்டுங்க மச்சான். எண்ணெய் கொறையுதான்னு மட்டும் பாத்துக்குங்க.”

பெருநாளுக்கு முந்திய நாள் பார்த்தேன். பிரேக் எண்ணெய் விரல்கடை அளவு குறைந்திருந்தது. வாங்கிய டின்னில் ஒரு சொட்டு இல்லை. கடைகளை எல்லாம் மத்தியானமே மூடிவிட்டார்கள். இனி நான்கு நாளாவது ஆகும். மறுநாள் என்னோடு வேலை பார்க்கும் சீன ஆசிரியர்கள் வீட்டுக்கெல்லாம் அந்தக் காரில் போய் இறங்க வேண்டும் என்று நான் முடிவு செய்திருந்தேன். நான்கு நாள் பொறுத்திருக்கலாம். பஸ்ஸில் போயிருக்கலாம்.

அலமாரியில் ஜாக்கிக்கு ஊற்றும் சிவப்பு எண்ணெய் ஒரு டின் இருந்தது. திரவத்தை அமுக்கினால் அது சுருங்காது, அழுத்தத்தை எல்லாப் பக்கமும் சமமாகக் கடத்தும் என்று நான் வகுப்பில் கரும்பலகையில் படம் போட்டுச் சொல்லிக் கொடுக்கிறவன். எந்தத் திரவமாக இருந்தால் என்ன என்று நினைத்தேன். ஊற்றினேன். குறைந்தது மட்டுமில்லை, விளிம்பு வரை ஊற்றினேன்.

மூன்றாம் நாள் அவன் வந்தான். என்னோடு கொட்டகையில் ஓர் ஆசிரியர் உட்கார்ந்திருந்தார். நான் அவரிடம் டிஸ்க் பிரேக்கைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன், ஏதோ நானே மாட்டியதைப் போல. அவன் வழக்கம்போல பானெட்டைத் திறந்து மூடியைக் கழற்றிப் பார்த்தான். விரலால் தொட்டான். இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்து மோந்தான்.

“மச்சான், இது வேற எண்ணெயாச்சே.”

“ரெண்டும் ஒண்ணுதான்.”

“எப்படி ஒண்ணு? ரோலர்லேருந்து ஒரு சொட்டு எண்ணெ சொட்டுனாலே ரப்பர் ஷீட்டு ஊதி, பிசுபிசுன்னு ஆயிருதுலா. கிராணி அதத் தனியா ஒதுக்கி வெச்சுருவாரு, ஒங்களுக்குத் தெரியாததா? இதுக்குள்ளயும் ரப்பர்தானே இருக்கு. எறக்கிட்டு, கடை தெறந்ததும் நல்லது ஊத்திக்குவோம்.”

எனக்குத் தெரியும். அந்தக் கெட்டுப்போன ஷீட்டுகளை என் அப்பா ஒதுக்கி வைத்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான். அவன் சொன்ன அந்த நொடியில் அவன் சொல்வது சரி என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் இன்னோர் ஆசிரியருக்கு முன்னால் லயத்து ஃபிட்டர் எனக்கு ரப்பர் பாடம் நடத்துகிறான்.

“புத்தகத்துல போட்டிருக்கு” என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். “அப்ப சரி” என்று மூடியை இறுக்கினான்.

அடுத்த ஒரு வாரம் காரை ஓட்டினேன். பெடல் முன்பு போல் இல்லை. காரை நிறுத்தி இறங்கினால் முன்சக்கரத்திலிருந்து சூடும் ஒரு கருகல் வாடையும் வந்தன. புது டிஸ்க் அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எண்ணெயை இறக்கினால், நான் ஊற்றியது தப்பு என்று அவனிடம் ஒத்துக்கொண்டதாக ஆகும்.

பத்தாம் நாள் தவுக்கே வந்தார். ஐம்பது வயதிருக்கும். வெள்ளை பனியன், காக்கிக் கால்சட்டை. குனிந்து டிஸ்க்கைப் பார்த்தார், தாங்கியைத் தட்டிப் பார்த்தார். தலையை ஆட்டினார். ஓட்டிப் பார்க்கலாம் என்றார். என் மைத்துனன் ஓட்டினான், அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேருக்குத்தான் இடம் என்பதால் நான் வாசலில் நின்றேன். பக்கத்து ஊரான மெங்லெம்புவுக்குப் பின்னால் உள்ள மலைச் சாலையில் ஏறி இறங்கி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த நேரத்திலாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். கை காட்டி அனுப்பி வைத்தேன்.

முக்கால் மணி நேரம் கழித்து யாரோ மோட்டார் சைக்கிளில் வந்து சொன்னார்கள். நான் போனபோது கார் மண்மேட்டில் முட்டி, ஒரு சக்கரம் கானில் தொங்க நின்றது. இறக்கத்தில் பெடல் தரை வரை போய்விட்டது. அவன் கியரைக் குறைத்து, வேகத்தை முடிந்த அளவு அடக்கி, பள்ளத்தின் பக்கம் போகாமல் மேட்டில் கொண்டுபோய்ச் சாத்தியிருக்கிறான். வேறு யாராவது ஓட்டியிருந்தால் இருவரும் செத்திருப்பார்கள். தவுக்கேயின் தோள் எலும்பு முறிந்திருந்தது. கையைப் பிடித்துக்கொண்டு கல்லில் உட்கார்ந்திருந்தார். என் மைத்துனனின் மணிக்கட்டு வீங்கியிருந்தது.

“மூணு தடவ மிதிச்சேன் மச்சான். ஒண்ணுமே இல்ல. வெறுங்காத்த மிதிக்கிற மாரி.”

தவுக்கே பல்லைக் கடித்துக்கொண்டு மலாயில் கேட்டார். “பிரேக் இனி சியாப்பா புவாட்?” இந்த பிரேக்கைச் செய்தது யார்?

“சாயா, தவுக்கே” என்றான் அவன். நான்தான்.

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். எண்ணெயைப் பற்றி நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தானா, சும்மா பார்த்தானா என்று எனக்குத் தெரியாது. நான் காரின் விளக்கு உடைந்திருப்பதைக் குனிந்து பார்த்தேன்.

காரை இழுத்து வந்த அன்றே நான் தனியாகப் பிரேக்கைக் கழற்றினேன். அவனுக்குக் கைக்கட்டு, வர முடியாது. உள்ளே இருந்த ரப்பர்கள் ஊறவைத்த மொச்சை மாதிரி உப்பி, தொட்டால் நசுங்கின. பிறகு புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தை முதன்முதலாகத் தேடிப் படித்தேன். கட்டம் கட்டி, தடித்த எழுத்தில் போட்டிருந்தது: வேறு எண்ணெய் ஒரு சொட்டும் கூடாது, ரப்பர் கெட்டு பிரேக் விட்டுவிடும். ரப்பர்களையும் சிவப்பு எண்ணெய் டின்னையும் சாக்கில் கட்டிக் கொண்டுபோய் ஆற்றில் போட்டேன்.

மறுவாரம் அவன் பஸ்ஸில் வந்தான். உட்காரக்கூட இல்லை.

“தெறந்து பாத்தீங்களா மச்சான்?”

“பாத்தேன்.”

“எண்ணெயா?”

“எண்ணெ நல்லாத்தான் இருந்துச்சு. ரப்பர் ஒண்ணு சரியா ஒக்காரல. மடங்கிப் போயிருந்துச்சு.”

அவன் தன் வலக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “ஒவ்வொண்ணா தடவிப் பாத்துதான் போட்டேன்” என்றான். என்னிடம் சொல்லவில்லை, கையிடம் சொன்னான். என் மனைவி தேநீர் கொண்டு வந்து வைத்துவிட்டு அவனைத் திட்ட ஆரம்பித்தாள். “தெரியாத வேலைய எதுக்குடா இழுத்துப் போட்டுக்கிட்ட? என் புருஷன் அத ஒரு வாரமா ஓட்டிக்கிட்டிருந்தாருடா! அவரு செத்திருந்தா?” அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். நான் தேநீரைக் குடித்தேன். முழுவதும் குடித்தேன்.

அதே வருஷம் ஆலை மூடியது. வேலை தேடி அவன் ஏறி இறங்கிய பட்டறைகளுக்கெல்லாம், அவன் போட்ட பிரேக் மலையில் விட்டுப்போன செய்தி முன்னாலேயே போயிருந்தது. கடைசியில் அந்தத் தவுக்கேயே இரக்கப்பட்டு பஸ் கழுவும் வேலை கொடுத்தார். ஒரே நிபந்தனை: ஸ்பானரைத் தொடக்கூடாது. பட்டப்பெயர் அங்கேதான் வந்தது.

நான் காரை வேறு பட்டறையில் கொடுத்து, புது ரப்பரும் சரியான எண்ணெயும் போடச் சொன்னேன். வேறு எதையும் மாற்றத் தேவையில்லை என்றான் அந்தப் பட்டறைக்காரன். டிஸ்க் மாட்டியவன் கெட்டிக்காரன் என்றும் சொன்னான். பிறகு ஒன்பது வருஷம் அந்தக் காரை ஓட்டினேன். கால் வைத்த இடத்தில் நின்றது. ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் எனக்குத் தெரியும்.

எண்பதுகளின் நடுவில் ஒரு தீபாவளிக்கு அவன் குடும்பத்தோடு வந்திருந்தான். என் மகளின் சைக்கிளில் பிரேக் கம்பி தளர்ந்து கிடந்தது. அவன் பேசிக்கொண்டே குனிந்து, வெறும் விரலாலேயே அதை முடுக்கப் போனான். என் மனைவி பாய்ந்து வந்தாள்.

“விடுடா, விடு. கடையில குடுத்துக்கலாம்.”

அவன் கையை எடுத்துவிட்டான். சிரித்தான். அதற்குப் பிறகு அன்று முழுதும் கைகளை முதுகுக்குப் பின்னாலேயே வைத்துக்கொண்டிருந்தான். சாப்பிடும்போது தவிர.

அன்றும் நான் பேசவில்லை. பத்து நாள் கழித்துத்தான் தாப்பாவுக்குப் போனேன். அவன் காலில் ரப்பர் சப்பாத்து போட்டுக்கொண்டு ஒரு பஸ்ஸின் பின்பக்கத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான். நான் ஊற்றிய எண்ணெய், பார்க்காத பக்கம், ஆற்றில் போட்ட ரப்பர் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் தண்ணீரை நிறுத்திவிட்டுக் கேட்டான். முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

“அக்காகிட்ட சொல்லிட்டீங்களா?”

“இல்ல.”

“மொதல்ல அங்க சொல்லுங்க மச்சான். அவளுக்குத்தான் நான் ஒங்கள கொல்லப் பாத்த மாரி ஒரு நெனப்பு.”

அன்று மாலையே சொன்னேன். என் மனைவி அழவில்லை. மடித்துக்கொண்டிருந்த துணியை மடித்து முடித்தாள். “நான் அவன அன்னிக்கு திட்டுனப்ப நீங்க அங்கதானே ஒக்காந்திருந்தீங்க?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். “நாளைக்கு என்கூட வாங்க. அந்தத் தவுக்கேகிட்ட ஒங்க வாயாலே சொல்லணும்.”

மறுநாள் அந்தக் காரிலேயே இருவரும் போனோம். பட்டறை அலுவலகத்தில் முப்பது வயதுள்ள ஒருவர் இருந்தார். தவுக்கேயின் அண்ணன் மகன். தவுக்கே இறந்து இரண்டு வருஷம் ஆகிறது என்றார். என் மைத்துனனும் சொல்லவில்லை, நாங்களும் கேட்டதில்லை. நான் அவரிடமே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். மரியாதையானவர்.

“சரி சார்” என்றார் முடிவில், மலாயில். “அதுக்கு இப்ப நான் என்ன செய்யணும்?”

தலைமை மெக்கானிக் வேலை காலியாக இல்லை என்று அவரே சொன்னார். என் மைத்துனனுக்கு அப்போது நாற்பதைத் தாண்டிவிட்டது. கடைசியாக ஸ்பானர் பிடித்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.

வெளியே வந்தோம். என் மனைவி நேராக அவனிடம் போய், ஈரத்தோடு அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. அவன், “இருக்கட்டும்கா, இருக்கட்டும்லா” என்றது மட்டும் கேட்டது. பிறகு அவள் என் பக்கம் திரும்பி, “நீங்க போங்க. நான் பஸ்ல வாரேன்” என்றாள்.

நான் அசையாமல் நின்றேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அவன் எனக்குப் பின்னால் பார்த்து, கையை அசைத்து யாருக்கோ சைகை காட்டினான்.

“மச்சான், கொஞ்சம் தள்ளி நில்லுங்க” என்றான். “பஸ்ஸு பின்னால வருது.”